புங்க எண்ணெயில் ஓடிய தண்ணீர் லாரி

நகராட்சிக்கு இனி பேட்டரி வண்டி வாங்கலாமா, கேஸ் வண்டி வாங்கலாமா, டீசலிலேயே இருந்துவிடலாமா என்று ஒப்பிட்டு அறிக்கை அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். நான் வேலை பார்த்த லாரி ஷெட்டுக்கு இப்போது பொறுப்பாக இருக்கும் உதவிப் பொறியாளர் போன் செய்தார். "உங்க காலத்துல இந்த மாதிரி ஒரு டெஸ்ட் பண்ணீங்களாமே சார், அதைக் கொஞ்சம் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு ஷெட்டிலிருந்து வந்த இரண்டாவது போன் அது. முதல் போன், மூன்றாம் நம்பர் பீரோவின் சாவி என்னிடம் இருக்கிறதா என்று கேட்டு வந்தது. என்னிடம் இல்லை.

கேட்டதற்காக எழுதுகிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் டேனரிகள் உள்ள ஒரு சின்ன நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை நான் உயிரோடு இருக்கிறேன் என்று இன்னமும் அங்கேதான் போய் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர்களைப் பகைத்துக்கொள்ள எனக்கு வசதிப்படாது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காட்பாடியில் ஒரு வொர்க்ஷாப்பில் மூன்று வருடம் மற்றவர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். நான்காவது வருடம் ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது. ஐந்தாவது வருடம் நகராட்சியில் மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இன்டர்வியூவில் ஒரே கேள்வி: ஓடாத லாரியை என்ன செய்வாய்? ஏன் ஓடவில்லை என்று பார்ப்பேன் என்றேன். இந்தப் பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, வேலை கிடைத்தது.

ஷெட்டில் இரண்டு குப்பை லாரி, இரண்டு தண்ணீர் லாரி. தண்ணீர் லாரிகளில் புதியது ஊருக்குள் ஓடும். பழையது கல்மேட்டுக்குப் போகும். கல்மேடு ஊரின் கடைசித் தெரு. பேருக்குத்தான் தெரு, கிட்டத்தட்ட இருநூறு வீடுகள் உள்ள ஒரு மேடு. அங்கே நல்ல கிணறு ஒன்று இருந்தது. கீழே இருந்த டேனரிகளின் கழிவு நீர் மண்ணுக்குள் இறங்கி, என் காலத்துக்கு முன்பே அது உப்பாகிவிட்டது. பாத்திரம் கழுவலாம், சோறு பொங்கினால் பருக்கை மஞ்சளாகும். ஆற்றுப் படுகைக் கிணற்றிலிருந்து எங்கள் லாரி கொண்டுபோகும் தண்ணீர்தான் அவர்களுக்குக் குடிநீர்.

எழுபதுகளின் கடைசியில் டீசல் தட்டுப்பாடு வந்தது. பங்க்குகளில் கேன்களை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். நகராட்சிக்கு வரும் அளவையும் குறைத்தார்கள். எந்த நடையை வெட்டலாம் என்ற கேள்வி வந்தபோது, வழக்கம்போலக் கடைசித் தெரு நினைவுக்கு வந்தது. கல்மேட்டுக்குத் தினமும் போன லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆனது.

அப்போது எங்களுக்கு இன்ஜினியராக இருந்தவர் நமசிவாயம். ஒல்லியான மனிதர். ஷெட்டில் நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை, எங்களைப் போன்றவர்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். எதையும் முதலில் பென்சிலில் எழுதுவார். சாயங்காலம் அதையே மறுபடி பார்த்து மையில் எழுதுவார். பதில் தெரியாத கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை என்பது எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது. அதற்குள் நிறைய உளறியிருந்தேன்.

டீசலோடு வேறு எண்ணெய் கலந்து ஓட்ட முடியுமா என்று சோதித்து அனுப்பும் நகராட்சிகளுக்கு, அந்த எண்ணெய் வாங்க அனுமதி தரப்படும் என்று மேல் ஆபீஸிலிருந்து சுற்றறிக்கை வந்தது. மாசி மாதக் கடைசிக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். எல்லா லாரிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் டீசல் மிச்சமானால் கல்மேட்டுக்கு மறுபடி தினம் ஒரு நடை விடலாம் என்று நமசிவாயம் சார் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மண்ணெண்ணெய் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண்களிடமிருந்து பிடுங்கி லாரிக்கு ஊற்றினால், லாரியைக் கொளுத்த அதே மண்ணெண்ணெய் போதும் என்பது அவர் கருத்து. மிஞ்சியவை இரண்டு. ஒன்று, தோலைப் பதப்படுத்த டேனரிகளில் டிரம் டிரம்மாக வைத்திருக்கும் புங்க எண்ணெய். இன்னொன்று, தோலின் உள்பக்கத்திலிருந்து சீவி எடுக்கிற ஜவ்வைக் காய்ச்சினால் வரும் கொழுப்பு. இதை ஒரு டேனரி முதலாளி தானாகவே முன்வந்து இலவசமாகக் கொடுத்தார். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று இருந்தார்.

சோதனைக்குப் பழைய தண்ணீர் லாரியையே எடுத்தோம், ஏனென்றால் கல்மேட்டு ரூட்டில் ஏற்றம் இருந்தது. அதன் டிரைவர் காதர் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என் தோஸ்த். அந்த லாரியில் ஹாரனைத் தவிர மற்ற எல்லாம் அவர் சொன்னபடி கேட்கும்.

சோதனையின் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். போன் செய்தவர் கேட்டதே அதைத்தான். லாரியின் டீசல் டேங்கை மூடிவிட்டு, கேபினுக்குப் பின்னால் பித்தளைக் குழாய் வைத்த ஒரு கேனைக் கட்டினேன். அதிலிருந்து மட்டும்தான் இன்ஜினுக்கு எண்ணெய் போகும். காலையில் அளந்து ஊற்றுவோம், லாரி திரும்பியதும் மிச்சத்தைக் குவளையில் வடித்து அளப்போம். கிலோமீட்டர் காட்டும் முள் என்றைக்கோ ஓய்வெடுத்துக்கொண்டதால், ஆற்றுக் கிணற்றிலிருந்து கல்மேடு வரை சங்கிலி போட்டு ரோட்டை அளந்தோம். தினமும் டயருக்குக் காற்று பார்க்க வேண்டும். தபால் ஆபீஸ் வரை மூன்றாவது கியர், அதற்கு மேல் இரண்டாவது. தண்ணீர் டேங்கில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மூடிகள். முன் மூடி வழியாக நிரப்ப வேண்டும், பின் மூடியைத் திறந்து பார்த்தால் அதன் கழுத்து வரை தண்ணீர் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் ஃபுல், அதைப் பார்ப்பது காதர் பாயின் பொறுப்பு. ஒரே லாரி, ஒரே டிரைவர், ஒரே ரோடு, ஒரே எடை, எண்ணெய் மட்டும்தான் மாற வேண்டும் என்று நமசிவாயம் சார் மூன்று முறை சொன்னார். சோதனைக்காக லாரி தினமும் ஓட வேண்டியிருந்ததால் கல்மேட்டுக்கு அந்த நாட்களில் தினமும் தண்ணீர் போனது.

முதல் வாரம் வெறும் டீசல். லிட்டருக்கு மூன்றே முக்கால் கிலோமீட்டர் கொடுத்தது. அந்த லாரியின் வயதுக்கு அது மரியாதையான ஓட்டம்.

அடுத்து கொழுப்பு. நான்கு பங்கு டீசலுக்கு ஒரு பங்கு. தை மாதம், காலையில் நல்ல குளிர். முதல் நாள் சூடாக ஊற்றியதால் ஓடியது. கறிக்கடைச் சந்து பக்கம் போனபோது லாரியின் பின்னால் நாய்கள் சேர்ந்தன. கல்மேடு வரை கூடவே ஓடிவந்து, தண்ணீர் கொடுத்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்து, திரும்பும்போதும் கூடவே வந்தன. நமசிவாயம் சார் எண்ணிப் பார்த்து, பென்சிலில் 'நாய்கள்: பதினொன்று' என்று எழுதிக்கொண்டார். சாயங்காலம் அதை மையிலும் எழுதினார். இரண்டாம் நாள் காலை பாலத்துக்கு முன்னாலேயே லாரி இருமி நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே மார்கழி மாத நெய் மாதிரி கெட்டியாக உறைந்திருந்தது. வெந்நீர் ஊற்றி இளக்கினேன். மூன்றாம் நாளும் அதே கதை. சார் போதும் என்றார். நாய்கள் மட்டும் அடுத்த வாரமும் ஷெட் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயின.

மூன்றாவதாகப் புங்க எண்ணெய். டிரம்மில் ஒரு வாரம் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டி, அதே நாலுக்கு ஒன்று கலந்தோம். கசப்பு வாடை அடித்தது. அந்த ஊரில் வாடையைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் தகுதி கிடையாது. லாரி ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. ஆறு நாள் முடிந்து கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு நாலே கால் கிலோமீட்டர்.

வெறும் டீசலைவிட அரை கிலோமீட்டர் ஜாஸ்தி. மெக்கானிக் என்ற முறையில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அளவுகளைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். குவளையைச் சரிபார்த்தேன். கேனில் ஒழுகல் இல்லை. எண்ணெயைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு வாரத்தில் எண்ணெய்க் கரிதான் சேர்ந்திருந்தது, அற்புதம் எதுவும் சேரவில்லை. சனிக்கிழமை மாதாந்திரக் கழுவலுக்காகத் தண்ணீர் டேங்க் மேலே ஏறிப் பின் மூடியைத் திறந்தேன். அதன் கழுத்துக்குள் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. நல்ல பெரிய வலை, ஒரு நாளில் கட்டியது இல்லை. இரண்டு ஈக்கள் வேறு சிக்கி உலர்ந்திருந்தன. தினமும் கழுத்து வரை தண்ணீர் ஏறுகிற இடத்தில் சிலந்தி குடித்தனம் நடத்தாது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உட்சுவரில் ஈரக் கோடு முக்கால் உயரத்தில் இருந்தது.

காதர் பாயிடம் போய் நின்றேன். அவர் பீடியைக் கீழே போடவில்லை.

"பாத்துட்டியா?" என்றார்.

பாத்துட்டேன் என்றேன். அவர் மறைக்கவில்லை. புங்க எண்ணெய் 'பாஸ்' ஆனால் தினமும் லாரி வரும் என்று கல்மேட்டுப் பெண்களிடம் இவர்தான் சொல்லியிருக்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தெருவில் மிஷன் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். எடை குறைந்தால் எண்ணெய் குறைவாகச் செலவாகும் என்பது அவருக்கு எங்கள் இன்ஜினியர் அளவுக்கே தெரியும். ஒரு வாரம் முக்கால் டேங்க் தண்ணீரோடு சமாளிப்பது என்று இருநூறு வீடுகளும் கூடி முடிவு செய்திருக்கின்றன. நான்கு குடம் வாங்கும் வீடு மூன்று குடத்தோடு நின்றுகொண்டது. ஒரு குடம் தண்ணீருக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போடும் தெரு அது. அந்த வாரம் வரிசையில் ஒரு சத்தம் இல்லை என்று காதர் பாய் பெருமையாகச் சொன்னார்.

அவர்கள் செய்த தப்பு, கொஞ்சம் தாராளமாகச் செய்ததுதான். டேங்கை நிரப்பி ஓட்டியிருந்தாலே புங்க எண்ணெய் டீசலுக்கு ஒரு படி கீழே வந்து, கௌரவமாகத் தேறியிருக்கும். பாஸ் மார்க் போதும் என்று இருந்த பையனை மாநிலத்தில் முதலாவதாக வரவைத்தது போல ஆகிவிட்டது.

திங்கட்கிழமை அறிக்கையைத் தபாலில் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் மாசி முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெபம் முடிந்து கோயிலை விட்டு வந்த என்னை ஷெட்டுக்கு வரச் சொல்லி நமசிவாயம் சார் ஆள் அனுப்பியிருந்தார். போனேன். மையில் எழுதிய அறிக்கை மேஜைமேல் இருந்தது. மெக்கானிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"பாக்கியநாதன், ஒரு மெக்கானிக்கா சொல்லுங்க. இந்தக் கணக்கை நம்புறீங்களா?"

நம்புகிறேன் என்று சொன்னால் கல்மேட்டுக்குத் தினமும் தண்ணீர். நம்பவில்லை என்று சொன்னால் மறுபடி ஒரு வாரம் சோதனை, கெடு தாண்டிவிடும், கோடை முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள்தான். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நம்பல சார்" என்றேன்.

"ஏன்?"

"புங்க எண்ணெய்க்கு டீசல் அளவுக்குச் சக்தி கிடையாது சார். கொஞ்சம் கம்மியாத்தான் ஓடணும். ஜாஸ்தி ஓடாது."

சிலந்தியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து, கோடு போட்ட தாளில் அழகான கையெழுத்தில் எழுதிய கடிதக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். ஸ்டெல்லா டீச்சரின் புகார்க் கடிதங்கள். பள்ளிக்குப் போகும் வழியில் எங்கள் ஆபீஸ் பெட்டியில் தினம் ஒன்று போடுவது அவர் வழக்கம். லாரி வராத நாளில் வரவில்லை என்று எழுதுவார். வந்த நாளில் குழாய் ஒழுகுகிறது, ஹாரன் காதைக் கிழிக்கிறது என்று எழுதுவார்.

"டீசல் வாரத்துல ஆறு லெட்டர்" என்றார் சார். "கொழுப்பு ஓட்டின மூணு நாள்ல நாலு. புங்க எண்ணெய் வாரத்துல ஒண்ணுகூட இல்ல."

டீச்சருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்றேன்.

"பள்ளிக்கூடம் போனாங்க. வழியில பாத்தேன், வணக்கம் சொன்னாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிரிச்சாங்க" என்றார்.

அந்த அறிக்கையை அவர் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஆற்றுக் கிணற்றுக்கு எங்களுக்கு முன்பே வந்திருந்தார். லாரி நிரம்பியதும், பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு ஏணியில் ஏறி, பின் மூடியைத் திறந்து பார்த்தார். கேபினில் காதர் பாய் பக்கத்தில் உட்கார்ந்து கல்மேடு வரை போய் வந்தார். ஆறு நாளும் அப்படித்தான். நான் அறிந்து அவர் உட்கார்ந்து வேலை பார்த்தது அந்த ஒரு வாரம் மட்டுமே. காதர் பாயிடம் ஒரு குற்றமும் சொல்லவில்லை, மெமோவும் கொடுக்கவில்லை. கல்மேட்டுக்கு முழு டேங்க் தண்ணீர் போனது. செவ்வாய்க்கிழமையே பெட்டியில் டீச்சரின் கடிதம் விழுந்தது, குழாய் இன்னும் ஒழுகுகிறது என்று.

லிட்டருக்கு மூன்றரை. டீசலைவிடக் கால் கிலோமீட்டர் கம்மி, ஆனால் அதே தூரத்துக்கு ஏழில் ஒரு பங்கு டீசல் மிச்சம். நல்ல, நேர்மையான கணக்கு. புங்க எண்ணெயின் முதல் வாரப் புள்ளிகள் 'சுமை சரிபார்க்கப்படாததால்' விலக்கப்பட்டன என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன். கெடு முடிந்து நான்கு நாள் கழித்து அது போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. சொன்னபடியே பரிசீலித்தார்கள். மறுவருடம் உத்தரவு வந்து, இரண்டு வருடம் எங்கள் நான்கு லாரிகளும் புங்க எண்ணெய் கலந்து ஓடின, பிறகு டீசல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் எல்லோரும் அதை மறந்தார்கள். போன் செய்தவருக்கு வேண்டிய தகவல் இதோடு முடிகிறது.

அந்தப் பதில் கடிதம் வந்தது சித்திரையில். ரோட்டில் தார் இளகிக்கொண்டிருந்தது. கல்மேட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது, உத்தரவு இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்தார்கள். நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று காதர் பாயிடம் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நம்புறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாடா போயிருக்கும் உனக்கு?"

லிட்டருக்கு நாலே கால் ஓடும் என்ற பொய்க் கணக்கை நம்பி நமக்கு இன்னும் கம்மியாக டீசல் கொடுத்திருப்பார்கள் பாய், நாலு மாசத்தில் நடை மறுபடி குறைந்திருக்கும் என்றேன்.

"அப்போ நாலு மாசம் கழிச்சு அழுதிருக்கலாம். கோடை தாண்டியிருக்கும்" என்றார். "நீயே போய் சொல்லு."

சைக்கிளில் போனேன். லாரி வராத நாள். போனதும் சொல்லிவிட்டேன், இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று. பெண்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஸ்டெல்லா டீச்சர் மட்டும் நின்றார். வெயில்ல வந்திருக்கீங்க, உள்ளே வாங்க என்று கூப்பிட்டார்.

வீட்டுக்குள் ஒரு நாற்காலி போட்டார். மூலையில் ஒரு சின்னக் குடம், வாயில் துணி கட்டி, அதன்மேல் தட்டு கவிழ்த்து, தட்டின்மேல் ஒரு கல். அது முந்தின நாள் லாரித் தண்ணீர். பக்கத்தில் மூடாமல் இன்னொரு குடம் இருந்தது.

"நம்பலன்னு சொன்னது நீங்கதானாமே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. விடைத்தாளில் ஒரு விடையைச் சரிபார்ப்பவர் போலத்தான் கேட்டார்.

"ஆமா டீச்சர். கணக்கு தப்பா இருந்துது."

"தெரியும். நான் போட்ட கணக்குதானே" என்றார்.

பிறகு டம்ளரை எடுத்தார். மூடிய குடத்தின் பக்கம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மூடாத குடத்தில் மொண்டார்.

"சின்னப் பிள்ளைங்க இருக்குதுங்க, லாரித் தண்ணி அதுங்களுக்கு வேணும். நாங்க பெரியவங்க இந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறோம். தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிக் கொடுத்தார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

குடித்தேன். உப்பு முதலில் தெரிந்தது. உப்புக்குப் பின்னால் தோல் ஊறும் தொட்டியின் துவர்ப்பு வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. பாதியில் வைத்துவிட முடியவில்லை. நான் சொன்னது சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. டம்ளரைக் காலி செய்து திருப்பிக் கொடுத்தேன்.

"தாகம் அடங்கலேன்னா இன்னொரு டம்ளர் தரட்டுமா?" என்று கேட்டார்.

"கொடுங்க டீச்சர்" என்றேன்.